தண்டுத் தமிழர் – 17: பிளாக்பள்ளியில் நடப்படாத கல்

பெங்களூர்க் கோட்டையில் மிச்சமிருக்கும் மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1791 மார்ச் 21-ஆம் தேதி இந்த உடைப்பு வழியாகத்தான் பிரிட்டிஷ் படை உள்ளே பாய்ந்தது என்று அது சொல்கிறது. கே.ஆர். மார்க்கெட் நெரிசலைத் தாண்டி அங்கே போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அந்தப் போரில் மடிந்த வெள்ளை அதிகாரிகளுக்கு ஹட்சன் சர்க்கிள் பக்கம் ஒரு நினைவுத்தூணும் இருந்தது. இன்றைய நிருபதுங்கா ரோட்டுக்கு அந்த நாளில் செனடாஃப் ரோடு என்றே பெயர். 1964-இல் கன்னட அமைப்புகள் போராடிய பிறகு மாநகராட்சி அந்தத் தூணை இடித்தது. வட்டாரத்துக்கு இப்போது அடையாளமாக நிற்பவர் கெம்பேகவுடர்.

ஊரைப் பிடித்தவர்களுக்கும் ஊரைக் கட்டிய பாளையக்காரருக்கும் கல் கிடைத்துவிட்டது. கெம்பேகவுடர் பேரைச் சொல்ல நான்கு எல்லைக் கோபுரங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் மேற்கே நடந்தால் சிவாஜிநகர். பழைய ஆட்களுக்கு அது பிளாக்பள்ளி. இந்தத் தொடரில் இதுவரை பட்டாளத்தின் பின்னால் வந்த தமிழர்களைப் பார்த்தோம். பட்லர்கள், ஆயாக்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், துபாஷிகள், கன்டிராக்டர்கள். இந்த இதழில் பார்க்கப்போகிறவர்கள் பட்டாளம் வருவதற்கு முன்பே இங்கே ஏர் பூட்டியவர்கள்.

பிளாக்பள்ளிப் பங்கின் மரபுச் செய்தி இப்படிப் போகிறது: செஞ்சிச் சீமையிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கத்தோலிக்க உழவர்கள் அல்சூருக்கு மேற்கே நீர்ப்பாங்கான நிலத்தில் நெல் பயிரிட்டார்கள்; கும்பிடக் கூரை வேய்ந்த ஒரு சிறு கோவிலைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வயல்களில் விளைந்த வெள்ளரிசியைக் கன்னடத்தில் பிளி அக்கி என்றார்கள், பள்ளியின் பெயர் அதிலிருந்து வந்தது என்கிறது ஊர். ஆங்கிலப் பட்டாளம் தங்கிய தண்டின் வரைபடத்தை வகுத்த பொறியாளர் பிளாகிஸ்டனின் பெயர் திரிந்தது என்பாரும் உண்டு. பெயர் எப்படி வந்திருந்தாலும் ஊரின் தொடக்கத்தில் ஒரு வயலும் ஒரு கோவிலும் இருந்தன. கோவிலுக்குக் காணிக்கை மாதா கோவில் என்று பெயர்.

செஞ்சி உழவர்கள் ஏன் மலையேறி வந்தார்கள்? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி நூறாண்டுக் காலம் அந்தச் சீமை நிம்மதியாகத் தூங்கவில்லை. மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயப் படை ஏழெட்டு ஆண்டு கோட்டையை முற்றுகை போட்டது, பிறகு ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாற்றி ஒருவர். கோட்டைக்கு யார் கொடி ஏறினாலும் சுற்றுப்புறத்து நெல்வயலில் குதிரைதான் மேய்ந்தது. சேசு சபையாரின் கர்நாட்டு மிஷன் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்தது. மைசூர்ச் சீமையிலும் 1640-களின் கடைசியிலிருந்து அவர்களுக்குக் கோவில்கள் இருந்தன. ஒரே சபையின் இரண்டு மிஷன்கள், நடுவில் கணவாய்கள். குடியானவன் மேட்டுநிலம் தேடிப் போகும்போது, அங்கே தன் கோவில் இருக்கிறது, தன் மொழி தெரிந்த சாமியார் வருவார் என்ற சேதி அவனுக்குப் பெரிய துணையாக இருந்திருக்கும்.

பிறகு அந்தத் துணையும் அறுந்தது. 1773-இல் போப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் சேசு சபையைக் கலைத்தார். அதன் தென்னிந்தியப் பணித்தளங்கள் பாண்டிச்சேரியில் இருந்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபையிடம் வந்தன. மைசூரிலோ ஐதரும் திப்புவும் ஆங்கிலேயரோடு மாறி மாறிப் போரில் இருந்தார்கள். 1784-இல் கன்னடக் கடற்கரைக் கத்தோலிக்கர்களைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனார். உள்நாட்டுக் கோவில்கள் பலவற்றில் பூசை வைக்க ஆளில்லாமல் போயிற்று. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது மைசூர்ச் சீமைக் கத்தோலிக்கர்கள் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

வந்தவர் ஜான் அந்துவான் துபுவா. தென் பிரான்சில் ஆர்தேஷ் பகுதிச் செங்-ரெமேஸ் ஊர்க்காரர். புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த 1792-இல் குருப்பட்டம் வாங்கி அதே ஆண்டு கப்பலேறியவர். தமிழ் நாட்டில் சில ஆண்டு இருந்து மொழி பழகினார். காவி நிறத்தில் நம்மூர் உடை உடுத்தினார், தலைப்பாகை கட்டினார், புலால் விட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, அங்கே தளபதியாக இருந்த ஆர்தர் வெல்லஸ்லியின் பரிந்துரையில் மைசூருக்கு அழைக்கப்பட்டார். சிறையிலிருந்து மீண்டவர்களில் போக்கிடம் இல்லாதவர்களுக்காக ஹாசன் பக்கம் சாத்தஹள்ளியில் உழவுக் குடியிருப்பு ஏற்படுத்தினார். மைசூர்ச் சீமையில் அவருக்கு ‘தொட்ட சுவாமியோரு’ என்று பெயர்.

துபுவாவைப் பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நூலோடு நின்றுவிடுகிறார்கள். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியைக் கவர்னர் பெண்டிங்க் பிரபு கம்பெனிக்காக 2,000 நட்சத்திர வராகனுக்கு வாங்கினார். 1816-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூற்றாண்டுக் கடைசியில் வந்த பதிப்புக்கு மாக்ஸ் முல்லர் முன்னுரை எழுதினார். பிற்காலத்தில் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், நூலின் பெரும்பகுதி துபுவாவுக்கு முந்தைய சேசு சபைக் குரு கர்தூவின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று நிறுவினார். அந்தச் சர்ச்சை அறிஞர்களுக்கு முக்கியம். எனக்கு அந்த நூலைவிட ஓர் எண் பெரிதாகத் தெரிகிறது: 25,432.

பெரியம்மைக்குப் பசுவின் அம்மைப்பாலை ஊசியில் ஏற்றும் முறையை ஜென்னர் 1796-இல் செய்து காட்டினார். 1802 ஜூனில்தான் அந்த மருந்து பம்பாயில் இந்தியக் கரை ஏறியது. அடுத்த ஆண்டே மைசூரில் துபுவாவின் மேற்பார்வையில் 25,432 பேருக்கு அம்மை குத்திப் பெயர் பதிவானது என்று அன்றைய அரசாங்க அறிக்கை சொல்கிறது. அம்மை தெய்வத்தின் வருகை என்று வேப்பிலை செருகியிருந்த நாட்டில், மாட்டிலிருந்து எடுத்த பாலை உடம்பில் ஏற்றிக்கொள்ள இத்தனை பேர் கை நீட்டினார்கள் என்றால், கேட்டவர் மீது இருந்த நம்பிக்கை எத்தகையது என்று நாமே ஊகிக்கலாம். மைசூர் அரச குடும்பத்துப் பெண்களும் அதே ஆண்டுகளில் குத்திக்கொண்டார்கள். ஓவியர் தாமஸ் ஹிக்கி வரைந்த மைசூர் அரசியரின் படம் அதை விளம்பரப்படுத்தத்தான் வரையப்பட்டது என்று வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் வாதிட்டிருக்கிறார். கொரோனா ஊசிக்கு நாம் வரிசையில் நின்ற நாட்களில் இந்தப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். பெங்களூரில் ஒரு மருத்துவமனைச் சுவரிலாவது இந்த எண்ணைப் பொறித்து வைக்கலாம்.

அம்மை குத்தி ஊர் ஊராகச் சுற்றிய அதே காலத்தில்தான், 1803-இல், துபுவா பிளாக்பள்ளியில் பூசை வைத்துக் கூரைக் கோவிலை எழுப்பச் செய்தார் என்று பங்கின் மரபு குறித்துவைத்திருக்கிறது. இந்த ஆண்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஆங்கிலப் பட்டாளத்துக்கான தண்டு 1809-இல்தான் அமைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலில் சிப்பாய்கள் செத்து விழுந்ததால் காற்றோட்டமான மேட்டுநிலம் தேடி அல்சூருக்கு வந்தார்கள். ஆகவே பிளாக்பள்ளிக் கோவில் தண்டுக்கு ஆறு ஆண்டு மூத்தது. குடியிருப்பு அதைவிட மூத்தது. பெங்களூர்த் தமிழரின் கதையை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் 1809-இல் தொடங்குகிறார்கள். வெள்ளைக்காரன் கூட்டிவந்தான், சமையலுக்கும் துணி வெளுக்கவும் வந்தார்கள், அப்படியே தங்கிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பல ஆயிரம் குடும்பங்களுக்குப் பொருந்தும். செஞ்சி உழவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் இருந்த இடத்துக்குத்தான் பட்டாளம் வந்தது.

இன்னும் பின்னால் போனால் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூரில் பிறந்த லூயி ரைஸ் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை 1905-இல் தொகுத்து வெளியிட்டபோது அவையெல்லாம் அச்சேறின. நிலம் கொடுத்தவன் பெயர், எல்லை, ஆண்டு என்று எல்லாம் அந்தக் கற்களில் உண்டு. பிளாக்பள்ளிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அவர்கள் குடியானவர்கள். நான் படித்த எந்த வரலாற்றிலும் அவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. துபுவாவின் பெயர் இருக்கிறது. அவருக்குப் பிறகு, 1811 வாக்கில் பாண்டிச்சேரியிலிருந்து வந்து இங்கேயே தங்கிக் கோவிலைச் சிலுவை வடிவத்தில் விரித்துக் கட்டிய அந்திரேயாஸ் என்ற தமிழ்க் குருவின் பெயரும் இருக்கிறது. சுவர் எழுப்பியவர்கள் யார், மண் சுமந்தவர்கள் யார், காணிக்கை போட்டவர்கள் யார் என்பதற்குக் கோவிலின் பழைய பெயர் ஒன்றே பதில்.

தண்டு வளர்ந்ததும் வயல்கள் தெருக்களாயின. 1834-இல் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளம் பெங்களூருக்கு வந்தது. அதன் தமிழ்ச் சிப்பாய்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கச் சிப்பாய்களுக்கு 1840-களில் தனியாகப் புனித பேட்ரிக் கோவில் எழுந்தது. ஒரே விசுவாசம், ஒரே லத்தீன் பூசை. ஆனால் வெள்ளைச் சிப்பாய் அங்கே, தமிழ்க்காரர் இங்கே. இந்தப் பிரிப்பைச் சில நூல்கள் மொழி வசதி என்று சொல்லிக் கடந்துபோகின்றன. பூசை இரண்டு இடத்திலும் லத்தீனில்தான் நடந்தது என்பதை அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பே, 1832-இல் பெங்களூரில் மூண்ட கலவரத்தில் பிளாக்பள்ளிக் கோவில் தாக்கப்பட்டுச் சேதமடைந்தது. கடைசியில் பட்டாளத்தை நிறுத்திக் காவல் காக்க வேண்டியிருந்தது.

சிவாஜிநகரில் தெருப்பெயர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நினைவுச்சின்னத்தில் யாருக்கு இடம் கிடைத்தது என்பது புரியும். நாராயணபிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு. தண்டில் வியாபாரமும் கன்டிராக்டும் செய்து முன்னுக்கு வந்தவர்களும், கரகம் எடுத்த தெய்வங்களும் தெருவுக்குப் பெயரானார்கள். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய அறக்கட்டளைப் பள்ளிக்கூடம் அவர் பெயரோடு இன்றும் நடக்கிறது. போரிங் ஆஸ்பத்திரிக்கு ஆணையர் போரிங், ரசல் மார்க்கெட்டுக்கு முனிசிபல் கமிஷனர் ரசல். இவர்களுக்குப் பெயர் கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. முதலியார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்த ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேர். நெல் விளைத்தவர்களுக்கும் இதே தெருக்களில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

இப்போது நாம் பார்க்கிற கோவிலுக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். பின்னாளில் மேற்றிராணியார் ஆன கிளைனர் சாமி முன்நின்று கட்டினார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் மைசூர்ச் சமஸ்தானத்தை மிக மோசமாக அடித்தது. 1871 குடிக்கணக்கில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மைசூர் மக்கள் தொகை 1881-இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுக்குரிய இயல்பான பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இழப்பு இன்னும் கூடும். எட்டு லட்சத்துக்கு மேல் ஆட்கள் கணக்கிலிருந்து மறைந்துபோன அந்த ஆண்டுகளில்தான் பிளாக்பள்ளியில் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாகப் பெங்களூர்–மைசூர் ரயில் பாதைக்கு மண் வெட்டினார்கள்.

பஞ்சம் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளை என்ன செய்வது? பிரெஞ்சுக் குருக்கள் அவர்களுக்காகவே பண்ணை ஊர்கள் உண்டாக்கினார்கள். பெங்களூருக்கு வடமேற்கே, அன்றைய நெலமங்கலம் தாலுகாவில் சிலுவேபுரா. தெற்கே கனகபுரா தாலுகாவில் மரியாபுரா. துபுவா சாத்தஹள்ளியில் செய்ததை முக்கால் நூற்றாண்டு கழித்து அவருடைய சபையார் மறுபடி செய்தார்கள்: நிலம், கிணறு, ஏர், நடுவில் ஒரு கோவில். அங்கே வளர்ந்த பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தி, கன்னடம் பேசும் கத்தோலிக்க ஊர்களாக நிலைபெற்றார்கள். பஞ்சத்தில் செத்தவர்களுக்கு இந்த நாட்டில் நினைவுத்தூண் அபூர்வம். அந்தப் பஞ்சத்துக்குப் பெங்களூர் வட்டாரத்தில் உயிருள்ள சின்னங்கள் இந்த இரண்டு ஊர்கள்தாம். சிலுவேபுராவில் பிறந்த ஒருவர் தன் ஊர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சரித்திரம் அவர் வாயில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது இது வர வேண்டும்.

1882 செப்டம்பர் 8, மாதா பிறந்த திருநாள் அன்று மேற்றிராணியார் கொவாதூ புதுக்கோவிலை மந்திரித்துத் திறந்தார். கூரிய வளைவுகள், வரிசைத் தூண்கள், 160 அடிக் கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று முழுக்க ஐரோப்பியக் கோதிக் பாணி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1947-இல் மறுபடி பொருத்தினார்கள். தண்டு மைசூரிடம் திரும்பியதும் அதே ஆண்டுதான். 1881-இல் சமஸ்தானத்தை உடையாரிடம் ஒப்படைத்தபோதும் ஆங்கிலேயர் விட்டுக்கொடுக்காத சிவில்–மிலிட்டரி ஸ்டேஷன், 1947 ஜூலையில் கை மாறியது.

கோவிலின் உருவம் ஐரோப்பியம். மாதா மட்டும் நம்மூர்க்காரி. பக்கத்துச் சந்நிதியில் குழந்தை ஏசுவோடு நிற்கும் ஆரோக்கிய மாதாவுக்குப் புடவை கட்டுகிறார்கள். 1898-இல் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்த பிளேக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனபோது, ஊர் முழுக்கப் பிளேக்கு மாரியம்மன் கோயில்கள் முளைத்தன. பிளாக்பள்ளியில் மாதாவின் பாதத்தில் விழுந்தார்கள். நோய் தணிந்ததும் அவள் ஆரோக்கியம் தந்தவள் ஆனாள் என்பது பக்தர்கள் வழிவழியாகச் சொல்வது. துபுவாவின் அம்மைப்பாலும் இந்த மாதாவும் ஒரே கோவிலின் கதைகள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பிளேக்குக்குப் பயந்து அரசாங்கம் போட்ட அகலத் தெருக்கள்தான் பக்கத்திலுள்ள ஃபிரேசர் டவுன். அதற்கு வைத்ததும் ஒரு வெள்ளை அதிகாரியின் பெயரே.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், செப்டம்பர் 8 தேர் பவனி. இந்தப் பதினொரு நாளும் சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து ரசல் மார்க்கெட் வரை காவி உடுத்த கூட்டம். வேண்டுதல்காரர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைய. கோவில் வாசல் மெழுகுவர்த்திக் கடைகளில் தமிழ், கன்னடம், தக்கணி உருது என்று மூன்று மொழியிலும் பேரம் நடக்கும். வெள்ளிக் கால், வெள்ளிக் கண், வெள்ளித் தொட்டில் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை செலுத்துகிறார்கள். 1803-இல் கூரைக் கோவிலுக்கு இருந்த பெயர் அங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. போப்பரசர் ஆறாம் பவுல் 1973-இல் இந்தக் கோவிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1974 குடியரசு நாளன்று அது முறைப்படி அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் முதல் பசிலிக்கா இதுதான்.

அந்தப் பட்டம் வருவதற்குச் சற்று முன்பு, 1968 முதல் 1971 வரை பெங்களூரின் பேராயராக இருந்தவர் சைமன் லூர்துசாமி. தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்தவர், பின்னாளில் கர்தினால். அவருடைய தம்பி அமலோற்பவதாஸ் 1967-இல் பெங்களூரில் தொடங்கிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இந்திய முறை வழிபாட்டுக்கு நாடு முழுவதும் வழிகாட்டியது. செஞ்சி உழவர்கள் எந்தச் சீமையிலிருந்து கிளம்பி வந்தார்களோ அதே தென்னார்க்காட்டிலிருந்து, இருநூறு சொச்சம் ஆண்டு கழித்து ஒரு பேராயரும் வந்தார். இதைப் பங்கிலுள்ள இளைஞர்களிடம் சொன்னால் வியப்போடு கேட்டுக்கொள்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஏன் சொல்லித் தரவில்லை என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். பெங்களூர்க் கத்தோலிக்கர்களுக்குள் வழிபாட்டு மொழி பற்றிய சர்ச்சை அரை நூற்றாண்டாகப் புகைந்துகொண்டிருக்கிறது. கன்னடத்தில் திருப்பலி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது; மண்ணின் மொழிக்குக் கோவிலில் இடம் மறுப்பது பாவம். அதே சமயம் தமிழில் செபித்துவந்த பழைய குடிகள் தங்களை விருந்தாளிகளாக எண்ணிக்கொள்ள வேண்டிய நிலையும் தவறு. இரண்டு பக்கத்திலும் கசப்பு கூடியபோது, பழைய தமிழ்ச் சரித்திரத்தைப் பேசுவதே வம்பு என்று பலர் வாயை மூடிக்கொண்டார்கள். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991-இலிருந்து 18 ஆண்டு சாக்குக்குள் இருந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். 2009 ஆகஸ்ட் 9-இல் எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. பிடிவாதம் தளர்ந்தால் நான்கே நாளில் இரண்டு சிலை திறக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

பெயர்ச் சண்டை இப்போது பிளாக்பள்ளிக்கே வந்துவிட்டது. மெட்ரோவின் பிங்க் பாதையில் சிவாஜிநகரில் ஒரு சுரங்க நிலையம். 2025 செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு வந்த முதல்வர் சித்தராமையா அதற்குப் புனித மரியாள் பெயர் வைக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். உடனே மராட்டிய முதல்வர் ஃபட்னவிஸிடமிருந்து கண்டனம் வந்தது. சத்ரபதியின் பெயரை எடுப்பது அவமதிப்பு என்றார். சிவாஜிக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டுதான். தந்தை ஷாஜிக்குப் பீஜப்பூர் சுல்தான் பெங்களூரை ஜாகீராகக் கொடுத்தார். சிறுவன் சிவாஜி சில காலம் இங்கே இருந்தார். அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாதாவுக்கு நிலையத்தின் பெயர்ப்பலகை தேவையென்றும் எனக்குத் தோன்றவில்லை. செப்டம்பர் 8 அன்று அந்தத் தெருவில் நிற்கிற யாருக்கும் அவள் வீடு எது என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் இல்லாமல் போனவர்கள் செஞ்சிக் குடியானவர்கள்தாம்.

அவர்களுடைய எழுத்துச் சான்று எஞ்சியிருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: கல்லறைத் தோட்டம். பழைய மதராஸ் ரோட்டில் கல்பள்ளி, ஓசூர் ரோட்டில் இந்தியக் கிறிஸ்தவக் கல்லறை. நவம்பர் 2 அன்று குடும்பங்கள் சுண்ணாம்படித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகு ஏற்றுகிற அந்தக் கற்களில் தமிழ் எழுத்து நிறைய இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், பட்டாளத்து வேலையென்றால் அதுவும். வெள்ளைக்காரர் கல்லறைகளை அன்றைய அரசாங்கமே பட்டியலிட்டு அச்சிட்டது. சென்னை மாகாணத்துக்கு ஜூலியன் காட்டன் 1905-இல் செய்த தொகுப்பை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். தமிழ்க் கல்லறைகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். மழையும் வெயிலும் தின்கிற எழுத்து. குழியை மறுபடி பயன்படுத்தும்போது கல் பெயர்ந்துபோகிறது. கைபேசி வைத்திருக்கும் எந்தக் கல்லூரி மாணவரும் நவம்பர் மாதத்தில் இதைச் செய்யலாம். படம் எடுங்கள், எழுத்தை ஒரு நோட்டில் பெயர்த்து எழுதுங்கள், தேதியும் வரிசை எண்ணும் குறியுங்கள்; பங்கு அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு அதை ஒப்பிட்டால் எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை என்று தெரியவரும்.

மெட்ரோ நிலைய வாசலிலோ பசிலிக்கா மதிலோரத்திலோ ஒரு கருங்கல் பலகை நட்டால் போதும். மேலே கன்னடம், அடுத்துத் தமிழ், கீழே உருதுவும் ஆங்கிலமும். எழுத வேண்டியது இவ்வளவுதான்: இங்கே செஞ்சியிலிருந்து வந்த உழவர்கள் நெல் பயிரிட்டார்கள். காணிக்கை மாதாவுக்குக் கூரைக் கோவில் கட்டினார்கள். 1803-இல் துபுவா என்ற குரு இங்கே பூசை வைத்தார். அந்த ஆண்டுகளில் மைசூர் நாட்டில் 25,432 பேருக்கு அம்மை குத்தச் செய்தார். 1809-இல் பட்டாளம் வந்தது. கல் வெட்டும் செலவை ஏற்கப் பங்குச் சபையோ மெட்ரோ நிறுவனமோ மாநகராட்சியோ முன்வரலாம். யார் செய்தாலும் இந்த வரிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம், பட்டாளம் கடைசியில் வரட்டும்.

அடுத்த இதழில் ரிச்மண்ட் ரோடு வழியாகச் சூளைக்குப் போகிறோம். தண்டின் பங்களாக்களுக்குச் செங்கல் அறுத்தவர்களின் பேட்டை அது.